கூட்டம் இல்லாத தலைப்பு

"மேடம், இப்ப எந்த டாபிக் எடுத்தா சீக்கிரம் பேப்பர் வரும்?" பிஎச்.டி.க்குப் பதிவு செய்ய வரும் பிள்ளைகள் ஏதோ ஒரு விதத்தில் கேட்டுவிடுகிற கேள்வி இது. கடைசியாகக் கேட்டவள் கைக்குழந்தைக்காரி. எம்.எஸ்சி. முடித்ததும் கல்யாணம், அப்புறம் குழந்தை, இப்போது மறுபடியும் படிக்க வந்திருக்கிறாள். மூன்றே வருடம் என்று சொல்லித்தான் வீட்டில் சம்மதம் வாங்கியிருக்கிறாள். கட்டுரை வெளியாகியிருந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022ல் எடுத்துவிட்டது. ஆனாலும் கேட்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன, வேலைக்குப் போகும்போது எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். அப்படி இருக்கும்போது அவள் வேறு எப்படிக் கேட்பாள்? கேள்வியில் எனக்கு வருத்தம் இல்லை. அதற்கு நாங்கள் எல்லோரும் தயாராக வைத்திருக்கும் பதில்தான் உறுத்துகிறது. நானோ எடு, சீக்கிரம் முடியும்.

2007ல் மத்திய அரசு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கி நானோ மிஷனைத் தொடங்கிய பிறகு, எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் இயற்பியல் ஆய்வு என்றாலே நானோ துகள், அதாவது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோமீட்டரில் அளக்கும் துகள், என்று ஆகிவிட்டது. ஜிங்க் அசிடேட்டைக் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வெள்ளையாக வீழ்படிவு இறங்கும். அதைக் கழுவி, உலர்த்தி, உலையில் வைத்து எடுத்தால் பொடி. பொடியை எக்ஸ்ஆர்டிக்கு (எக்ஸ் கதிர் பாய்ச்சிப் படிகத்தைப் பார்க்கும் கருவி) அனுப்பி, வருகிற பீக்கின் அகலத்தை ஷெரர் சமன்பாட்டில் போட்டால் துகளின் அளவு கிடைத்துவிடும். இதில் உழைப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு படம் எடுக்க ஸ்லாட் வாங்கிக்கொண்டு, விடியற்காலை பஸ் பிடித்து இன்னொரு ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போய் வாசலில் காத்திருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். என் கவலை அதற்குப் பிறகு வருவது. பட்டம் வாங்கி வெளியே வரும்போது அவர்கள் கையில் பொடி இருக்கிறது, கட்டுரைகள் இருக்கின்றன, ஆனால் இது என் கேள்வி என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருப்பதில்லை. அடுத்த அலை பெரோவ்ஸ்கைட் என்றால் அங்கே ஓட வேண்டும், அதற்கடுத்தது மேக்ஸீன் என்றால் இங்கே ஓட வேண்டும்.

இந்த உறுத்தலோடு இருக்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்க இயற்பியலாளர் மில்ட்ரெட் டிரெஸ்ஸல்ஹாஸ் நினைவுக்கு வருவார். உலகம் அவரை மில்லி என்றே கூப்பிட்டது, நானும் அப்படியே எழுதுகிறேன். நானோ அறிவியலுக்கான காவ்லி பரிசு 2012ல் அவர் ஒருவருக்கு மட்டும் தரப்பட்டது. கார்பன் நானோ குழாய் என்று பேச்செடுத்தால் அவர் பெயரைச் சொல்லாமல் நகர முடியாது. அப்படிப்பட்டவர் தன் தலைப்பைத் தேர்ந்தெடுத்த காலத்தில் நானோ என்று ஒரு துறையே கிடையாது. அவர் அதை எதற்காக எடுத்தார் என்பதுதான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கும் விஷயம்.

பிராங்ஸிலிருந்து சிகாகோ வரை

மில்லி 1930ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார், பிராங்ஸில் வளர்ந்தார். பெற்றோர் குடியேறி வந்தவர்கள். பொருளாதார மந்தக் காலம், வீட்டில் கஷ்டம். வயலின் கற்றுக்கொள்ள உதவித்தொகை கிடைத்தது, அந்த இசைப்பள்ளியில் பழகியவர்கள் மூலம்தான் ஊரில் இதைவிட நல்ல பள்ளிகள் உண்டு என்றே அவருக்குத் தெரியவந்தது. நுழைவுத் தேர்வு எழுதி ஹண்டர் கல்லூரியின் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, பிறகு அதே கல்லூரியில் படித்தார். பெண் படித்தால் டீச்சர், நர்ஸ், இல்லாவிட்டால் அலுவலகச் செயலர் என்றிருந்த காலம். மில்லியும் டீச்சராகப் போவதாகத்தான் இருந்தார். ஹண்டரில் அவருக்கு இயற்பியல் நடத்தியவர் ரோசலின் யாலோ. பின்னால், 1977ல் மருத்துவ நோபல் வாங்கிய அதே யாலோதான். நீ இயற்பியலுக்குப் போ என்று பிடித்துத் தள்ளியவர் அவர். ஒரு ஆசிரியர் ஒரு மாணவியிடம் சரியான நேரத்தில் சொல்லும் ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஃபுல்பிரைட் உதவியில் ஒரு வருடம் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகம், பிறகு ராட்கிளிஃபில் முதுகலை, 1958ல் சிகாகோவில் முனைவர் பட்டம். சிகாகோவில் என்ரிகோ ஃபெர்மியிடம் குவாண்டம் இயக்கவியல் படித்தார். இருவர் வீடும் ஒரே திசையில். காலையில் பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகும்போது ஃபெர்மி சாலையைக் கடந்து வந்து இவரோடு சேர்ந்து பேசிக்கொண்டே நடப்பாராம். 1942ல் அதே சிகாகோவில் ஃபெர்மி கட்டிய உலகின் முதல் அணு உலை கிராஃபைட் கட்டிகளை அடுக்கிக் கட்டியதுதான். மில்லியின் வாழ்நாள் முழுக்க வரப்போகிற பொருள் அது. அப்போது அவர் கையில் இருந்தது வேறு: மீகடத்தி (மிகவும் குளிர வைத்தால் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்), காந்தப் புலத்தில் அது மைக்ரோ அலையை எப்படி எதிர்கொள்கிறது என்ற கேள்வி. 1957ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் மீகடத்திக் கோட்பாட்டை வெளியிட்டார்கள். மில்லியின் அளவீடுகளில் அந்தக் கோட்பாட்டுக்கு அடங்காத ஒரு விளைவு இருந்ததால் அவரைப் பலரும் திரும்பிப் பார்த்தார்கள். இதைவிடச் சூடான தலைப்பு அந்த வருடங்களில் இருந்திருக்காது.

அதை அவர் விட்டுவிட்டு வந்தார். இந்த இடத்தில்தான் நான் நின்றுவிடுகிறேன்.

கிராஃபைட்டைத் தேர்ந்தெடுத்த கணக்கு

1958ல் இயற்பியலாளர் ஜீன் டிரெஸ்ஸல்ஹாஸைத் திருமணம் செய்துகொண்டார். ஜீனுக்குக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலை, மில்லிக்கு அங்கே இரண்டு வருட ஆய்வு உதவித்தொகை. உதவித்தொகை முடிந்தது. கணவன் வேலை செய்யும் இடத்தில் மனைவிக்கும் வேலை என்பது அன்றைய பல்கலைக்கழகங்களில் அநேகமாக நடக்காத காரியம். இருவரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்த ஒன்றிரண்டு இடங்களில் ஒன்று எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகம். (குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, மாசசூசெட்ஸில் இருப்பது.) 1960ல் இருவரும் அங்கே சேர்ந்தார்கள். அங்கே மீகடத்திக்கு இடமில்லை. காந்தப் புலத்தில் பொருள்கள் ஒளியை எப்படிப் பிரதிபலிக்கின்றன என்று பார்க்கும் காந்த ஒளியியல்தான் அந்தக் குழுவின் வேலை. சரி, எந்தப் பொருளை எடுப்பது? சுற்றி இருந்த எல்லோரும் சிலிக்கான், ஜெர்மானியம், இன்னும் பல குறைகடத்திகள் என்று பாய்ந்துகொண்டிருந்தார்கள். டிரான்சிஸ்டர் பணம் காய்ச்சும் மரமாகிக்கொண்டிருந்த நேரம் அது. மில்லி எடுத்தது கிராஃபைட். பென்சிலுக்குள் இருக்கும் கரி.

ஏன் என்று பின்னாளில் பேட்டிகளில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். அந்த வருடங்களில் அடுத்தடுத்து நான்கு குழந்தைகள் பிறந்தன. கிராஃபைட் கடினமானது, சுவாரசியமில்லாதது என்று மற்றவர்கள் ஒதுக்கியிருந்தார்கள். அதனால் போட்டி இல்லை. ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லை, ஒரு நாள் வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறது என்றாலும் குடி முழுகிப் போகாது. திரும்பி வரும்போது கேள்வி விட்ட இடத்திலேயே இருக்கும். சிலிக்கானில் அப்படி இருக்க முடியாது. ஒரு வாரம் தாமதமானால் அந்த முடிவை இன்னொருவர் வெளியிட்டிருப்பார்.

இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. குழந்தை பெற்றவள் என்பதால் ஒதுக்குப்புறமான வேலையை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்றே என்ற கோபம். அந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு. லிங்கன் ஆய்வகத்தில் காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்துவிட வேண்டும், சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு மில்லியால் எட்டரைக்குத்தான் வர முடிந்தது, அதற்காகப் பேச்சு வாங்கியிருக்கிறார். அரை மணி நேரம். எத்தனை மணி வரைக்கும் வேலை செய்தாள், என்ன கண்டுபிடித்தாள் என்பதெல்லாம் அந்த அரை மணி நேரத்துக்கு முன்னால் நிற்கவில்லை. ஆனால் வயது ஏற ஏற அந்தத் தேர்வை வேறு விதமாகவும் பார்க்கிறேன். அதைச் சமரசம் என்று மட்டும் சொன்னால் அவருடைய புத்தியைக் குறைத்துச் சொன்னதாகும். தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவர் தெளிவாகக் கணக்குப் போட்டிருக்கிறார். வேகம் இல்லை. வருடங்கள் இருக்கின்றன. அப்படியென்றால் வேகம் கேட்கும் கேள்வியை விட்டுவிட்டு வருடங்கள் கேட்கும் கேள்வியை எடு. கிராஃபைட் அப்படிப்பட்ட கேள்விதான்.

இடம் மாறிய எலக்ட்ரான்கள்

கிராஃபைட்டில் என்ன கஷ்டம்? கார்பன் அணுக்கள் அறுகோணங்களாகப் பின்னிய தாள்கள், ஒன்றின்மேல் ஒன்றாக 0.335 நானோமீட்டர் இடைவெளியில். தாளுக்குள் பிணைப்பு இரும்புப்பிடி, தாளுக்கும் தாளுக்கும் நடுவே பலமில்லாத ஒட்டுதல். அதனால்தான் பென்சில் எழுதுகிறது. மின்சாரத்தைப் பொறுத்தவரை உலோகமும் இல்லை, குறைகடத்தியும் இல்லை, அரை உலோகம். மின்னூட்டத்தைத் தாங்கிச் செல்லும் எலக்ட்ரான்களும் துளைகளும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள், நேர்மின்னூட்டம் போல் நடந்துகொள்பவை) மிகக் கொஞ்சம். இயற்பியலாளர் வாலஸ் 1947லேயே இதன் ஆற்றல் பட்டைகளுக்கு (எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் அளவுகளுக்கு) அடிப்படைக் கணக்கைப் போட்டுவிட்டார், அதுவும் அணு உலை ஆராய்ச்சிக்காகத்தான். அதன் மேல் மற்றவர்கள் கட்டிய மாதிரியில் சோதனையால் மட்டுமே கண்டுபிடிக்க முடிகிற மாறிலிகள் ஏழு. நல்ல படிகம் கிடைக்காமல் அவற்றை அளப்பது எப்படி? இயற்கைக் கிராஃபைட் செதில் செதிலாக, அழுக்கோடு கிடைக்கும். லண்டனில் உப்பலோடேயின் குழு, தாள்கள் எல்லாம் ஒரே திசையில் படிந்த செயற்கைக் கிராஃபைட்டைச் செய்யத் தொடங்கியது மில்லிக்கு வாய்ப்பாக அமைந்தது.

அந்தத் துண்டைத் திரவ ஹீலியத்தில் குளிர வைத்து, பலமான காந்தப் புலத்தில் நிறுத்தி, அதன் மேல் ஒளியைப் பாய்ச்சித் திரும்பி வருவதை அளந்தார்கள். புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பிரதிபலிப்பு ஏறி இறங்கும், ஒவ்வொரு ஏற்றமும் எலக்ட்ரான் ஓர் ஆற்றல் படியிலிருந்து இன்னொரு படிக்குத் தாவுவதற்கான அடையாளம். வருடக்கணக்காக இதைச் செய்து அந்த மாறிலிகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். பிறகு லேசர் வந்தது. ஹீலியம் நியான் லேசரை உருவாக்கியவர்களில் ஒருவரான அலி ஜவான் அப்போது எம்.ஐ.டி.யில் இருந்தார். மில்லியும் அவருடைய மாணவர் ஷ்ரோடரும் ஜவானும் சேர்ந்து, வட்டமாக முறுக்கிய லேசர் ஒளியைக் கிராஃபைட்டின் மேல் பாய்ச்சினார்கள். காந்தப் புலத்தில் எலக்ட்ரான் ஒரு பக்கமாகச் சுழலும், துளை எதிர்ப் பக்கமாகச் சுழலும். ஒளியை இடம் சுழிக்கவும் வலம் சுழிக்கவும் வைத்தால் எது எலக்ட்ரான், எது துளை என்று பிரித்துவிடலாம். அதுவரை யாராலும் அப்படி நேராகப் பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை.

வந்த முடிவு: அதுவரை எல்லோரும் எலக்ட்ரான் என்று எழுதி வைத்திருந்த இடத்தில் துளைகள் இருந்தன, துளை என்று எழுதியிருந்த இடத்தில் எலக்ட்ரான்கள். நூல்களும் கட்டுரைகளும், மில்லியின் குழுவே முன்பு எழுதியவையும் சேர்த்து, தலைகீழாக இருந்தன. இப்படி ஒரு முடிவு வந்தால் எந்த ஆய்வாளரும் முதலில் தன் கருவியைத்தான் சந்தேகப்படுவார். புலத்தின் திசை சரியா, ஒளியைச் சுழற்றும் தகட்டை மாற்றி வைத்துவிட்டோமா என்று அத்தனையும் திரும்பப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதற்கு நாள் வேண்டும். பக்கத்து அறையில் இன்னொருவர் அதே அளவீட்டை முடித்துக்கொண்டிருக்கிறார் என்ற பதற்றம் இருக்கும் இடத்தில் அந்த நாள் கிடைக்காது. 1968ல் அந்த முடிவு வெளியானது, இன்றும் கிராஃபைட் பாடத்தில் அதுதான் நிற்கிறது. என்னைக் கேட்டால், மில்லியின் வாழ்க்கையில் பெரிய பரிசுகள் வாங்கித் தந்த வேலைகளைவிட இந்த 1968 கட்டுரைதான் அவர் யார் என்று காட்டுகிறது.

அதே சமயத்தில் அவர் வகுப்பறைக்கும் வந்துவிட்டார். பெண் அறிஞர்களுக்கென்று ராக்ஃபெல்லர் குடும்பத்தின் பணத்தில் எம்.ஐ.டி.யில் ஒரு பேராசிரியர் இருக்கை இருந்தது. 1967ல் அதில் வருகைப் பேராசிரியராகச் சேர்ந்தவரை மறுவருடமே நிரந்தரமாக்கிவிட்டார்கள். 1985ல் எம்.ஐ.டி.யின் மிக உயர்ந்த பதவியான இன்ஸ்டிட்யூட் பேராசிரியராக ஆன முதல் பெண் அவர்தான்.

குழாய் வந்தபோது

1970களில் கிராஃபைட் தாள்களுக்கு இடையே பொட்டாசியம், புரோமின் என்று வேறு அணுக்களை நுழைத்துப் பார்க்கும் வேலையில் இறங்கினார். எத்தனை தாளுக்கு ஒருமுறை விருந்தாளி அடுக்கு வருகிறது என்பதைக் கட்டுப்படுத்த முடியும். அதற்கேற்ப மின்கடத்தல் மாறும், வெப்பம் கடத்துவது மாறும், சிலவற்றில் மீகடத்தலே வரும். 1981ல் மில்லியும் ஜீனும் சேர்ந்து இதைப் பற்றி எழுதிய நெடுங்கட்டுரை இருபது வருடம் கழித்து மறுபதிப்பே கண்டது. நம் கைபேசி பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது லித்தியம் போய் உட்காருவது இதே கிராஃபைட் தாள்களின் இடுக்கில்தான். ஜப்பானில் கார்பன் இழைகள் வளர்த்துக்கொண்டிருந்த மோரினோபு எண்டோவோடு சேர்ந்து இழைகளையும் பார்த்தார். எல்லாம் கார்பன், எல்லாம் கூட்டமில்லாத வேலை.

1985ல் 60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து வந்தது. 1991ல் சுமியோ இஜிமா, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த கார்பன் குழாய்களின் படங்களை வெளியிட்டார். உலகம் முழுக்க ஆய்வகங்கள் அந்தப் பக்கம் திரும்பின. மில்லிக்கு அப்போது 60 வயது தாண்டியிருந்தது. நானோ குழாய் என்பது என்ன? கிராஃபைட்டின் ஒரே ஒரு தாளைச் சுருட்டியது. அந்தத் தாளைப் பற்றி அவருக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

ரிச்சிரோ சைட்டோ, மிட்சுடாகா ஃபுஜிடா, ஜீன், மில்லி நால்வரும் 1992ல் வெளியிட்ட கணக்கு இதுதான். தாளை எந்தக் கோணத்தில் சுருட்டுகிறோம் என்பதை இரண்டு முழு எண்களால் சொல்லிவிடலாம். சுருட்டியதும், சுற்றளவுக்குள் முழுதாக அடங்கும் அலைகளுக்கு மட்டுமே இடம் உண்டு. அந்த அலைகளில் ஒன்று தாளின் ஆற்றல் பட்டைகள் தொட்டுக்கொள்ளும் புள்ளி வழியாகப் போனால் குழாய் உலோகம், போகாவிட்டால் குறைகடத்தி. அந்த இரண்டு எண்களின் வித்தியாசம் மூன்றால் வகுபட்டால் உலோகம். ஆக, சாத்தியமான குழாய்களில் மூன்றில் ஒரு பங்கு உலோகம், மீதி குறைகடத்தி. அதே அணு, அதே பிணைப்பு, எந்தக் கலப்பும் இல்லை, சுருட்டும் கோணம் மட்டும்தான் வேறு. அமெரிக்காவில் மிண்ட்மயரின் குழுவும் ஜப்பானில் ஹமாடாவின் குழுவும் அதே வருடம் தனித்தனியாக இதே பக்கம் வந்து சேர்ந்தன. இதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய ஒற்றைச்சுவர்க் குழாய் 1992ல் யாரிடமும் இல்லை, 1993ல்தான் கிடைத்தது. டெல்ஃப்டில் செஸ் டெக்கரின் குழுவும் ஹார்வர்டில் சார்ல்ஸ் லீபரின் குழுவும் தனிக் குழாயின் மேல் ஊசிமுனையை வைத்து அளந்து 1998ல் அந்தக் கணக்கு சரி என்று காட்டின. மூன்றாக வகுத்துப் பார் என்று சொல்லிவிட்டுப் போகும் எளிமை அந்தக் கணக்கில் இருக்கிறது. வாலஸின் பட்டைக் கணக்கை முப்பது வருடம் கையில் வைத்துப் புரட்டியவருக்குத்தான் அந்த எளிமை கிடைக்கும் என்று நம்புகிறேன்.

பிறகு ராமன் நிறமாலை, அதாவது பொருளின் மேல் பட்டுச் சிதறும் ஒளியின் நிறமாற்றத்தை வைத்து அதன் அணுக்களின் அதிர்வைப் படிப்பது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமனின் பெயரைச் சொல்லும் அந்தச் சிதறலை மில்லியின் குழு நானோ குழாய்களுக்கு மிகக் கூர்மையான கருவியாக்கியது. குழாய் மொத்தமும் மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்கும் அதிர்வு ஒன்று உண்டு. அதன் அதிர்வெண்ணிலிருந்து விட்டத்தைச் சொல்லலாம், ஒத்ததிர்வில் வைத்துப் பார்த்தால் அந்த இரண்டு முழு எண்களையே சொல்லிவிடலாம். பிரேசில் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2001ல் தனித்தனிக் குழாய்க்கு இதைச் செய்துகாட்டினார்கள். இன்று எங்கள் பிள்ளைகள் ஏதோ ஒரு கார்பன் பொடியை ராமனுக்கு அனுப்பி, அலை எண் 1350க்குப் பக்கத்தில் டி பீக், 1580க்குப் பக்கத்தில் ஜி பீக் என்று குறித்து, இரண்டின் உயரத்துக்கும் விகிதம் எழுதுகிறார்கள். அந்த டி என்ன, ஏன் குறைபாடு இருந்தால் மட்டும் வருகிறது, 2700ல் வரும் பீக் ஏன் குறைபாடே இல்லாமலும் வருகிறது என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனால் மில்லியின் வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களுக்கு

இதையெல்லாம் துறையில் பேசினால் ஒரு மறுப்பு உடனே வரும். அந்தம்மாவுக்கு அதிர்ஷ்டம், கிராஃபைட் பக்கம் நானோ வந்து சேர்ந்தது, வராமல் போயிருந்தால்? யாருக்கும் வேண்டாத பொருளோடு நாற்பது வருடம் கிடந்து, எந்த அலையும் வராமலே ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்பார்கள். நியாயமான மறுப்பு. அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அத்தனை வருடம் கிராஃபைட்டைக் கையில் வைத்திருந்தும், அதிலிருந்து ஒற்றைத் தாளைப் பிரித்து 2004ல் உலகத்துக்குக் காட்டியவர் மில்லி அல்ல. மான்செஸ்டரில் ஆந்திரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டு நாடாவை வைத்து அதைச் செய்தார்கள், 2010ல் நோபல் வாங்கினார்கள். நீண்ட காலம் ஒன்றோடு இருந்தால் எல்லாமே நம் கண்ணில்தான் படும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இதற்கு என் பதில் அந்த 1968 கட்டுரைதான். நானோ என்ற சொல்லே யார் காதிலும் விழாமல் போயிருந்தாலும் கிராஃபைட்டில் எலக்ட்ரான் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அது சரியான விடை. அலை வந்ததால் அது உண்மையாகவில்லை. அப்படி ஒரு விடையோடு ஓய்வு பெற்றவர் எதையும் இழந்ததாக நான் நினைக்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குக் கட்டுரை எண்ணிக்கை கிடைக்கிறது, இந்த மாதிரி ஒரு விடை கிடைப்பதில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

அதிர்ஷ்டம் என்று நான் ஒத்துக்கொள்வது வேறொன்றை. கணவன் மனைவி இருவரையும் சேர்த்து எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வகம் இருந்தது. பெண்ணுக்கென்று பணம் போட்டு ஒதுக்கிய ஓர் இருக்கை இருந்தது. வீட்டில் குழந்தைகளைப் பல வருடம் ஒரே பெண்மணி பார்த்துக்கொண்டார். ஜீன் வாழ்நாள் முழுக்க அவரோடு சேர்ந்து கணக்குப் போட்டார், கட்டுரை எழுதினார். மில்லிக்கு இது தெரிந்திருந்தது. 1970களின் தொடக்கத்திலேயே எம்.ஐ.டி.யில் பெண்களுக்கான கூட்டங்களை நடத்த முன்னின்றார், சேர்க்கையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்று போராடி வாங்கினார். அவர் போய்ச் சேர்ந்த காலத்தில் அங்கே மாணவர்களில் பெண்கள் நூற்றுக்கு நான்கு பேர்தான். 2017 பிப்ரவரியில், 86 வயதில், அவர் இறக்கும்வரை அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார்கள்.

எங்கள் எம்.எஸ்சி. இயற்பியல் வகுப்பில் பெண்பிள்ளைகள்தான் அதிகம். எண்ணிக்கைக்கு இங்கே குறைவில்லை. பிஎச்.டி.யில் பெண்களுக்கு இரண்டு வருடம் கூடுதல் அவகாசம், 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு என்று யுஜிசியின் 2022 விதிமுறை சொல்கிறது. நல்ல விதி. ஆனால் வேகமாக ஓடும் தலைப்பைக் கையில் கொடுத்துவிட்டு 240 நாள் விடுப்பும் கொடுத்தால் திரும்பி வரும்போது அவளுக்கு அங்கே என்ன மிச்சம் இருக்கும்? இதை யுஜிசி தீர்க்க முடியாது. தலைப்பு கொடுக்கும் கைடுகள் நாங்கள்தான் தீர்க்க வேண்டும்.

அதனால் இந்த வருடம் நான் கொடுக்கப்போகும் தலைப்புகளை இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். முதலாவது சிவகங்கைக் கிராஃபைட். தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமின் அங்கே வெட்டி எடுக்கும் செதில் கிராஃபைட், எங்களுக்கு பஸ்ஸில் போய் வாங்கி வரும் தூரம்தான். ஒரே சுரங்கத்தின் வெவ்வேறு இடத்துச் செதில்கள், வெவ்வேறு வெப்பநிலையில் பதப்படுத்தியவை, ஒவ்வொன்றிலும் டி பீக் எப்படி மாறுகிறது, மின்தடை எப்படி மாறுகிறது, இரண்டுக்கும் என்ன உறவு. ஆறு மாதம் விட்டுவிட்டு வந்தாலும் செதில் டப்பாவில் அப்படியே இருக்கும். முதல் கட்டுரை வர இரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதைச் சேருகிறவளிடமும் அவள் வீட்டாரிடமும் முதல் நாளே சொல்லிவிடுவேன். அந்த இரண்டு வருடத்தில் கட்டுரை எங்கே என்று அவளைக் கேட்கக் கூடாது, என்னைக் கேளுங்கள் என்று ஆய்வுக் குழுக் கூட்டத்தில் எழுத்தாகவே பதிவு செய்யப்போகிறேன்.